புயலுக்குப் பின் வரும் கடன்

2019 மார்ச் 14 இரவு, 'இடாய்' புயல் மொசாம்பிக் நாட்டின் பெய்ரா நகரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. சுமார் 5 லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம் அது. காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்தது. மத்திய மருத்துவமனையின் கூரையும் தப்பவில்லை. மின்சாரம், தொலைபேசி, நெடுஞ்சாலை எல்லாம் அறுந்துபோய், நகரம் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. அதைவிடப் பெரிய சேதம் அடுத்தடுத்த நாட்களில் வந்தது. மேற்கே மலைப்பகுதியில் கொட்டிய மழை புங்வே, புசி ஆறுகளில் இறங்கியது. இரண்டும் கரைபுரண்டு ஒன்றோடொன்று கலந்துவிட, ஊர்கள் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மக்கள் மரங்களிலும் பள்ளிக்கூடக் கூரைகளிலும் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மொசாம்பிக், ஜிம்பாப்வே, மலாவி மூன்று நாடுகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மொசாம்பிக்கில் மட்டும் 18 லட்சம் பேருக்கு உதவி தேவைப்பட்டது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 25 அன்று, வடகோடியில் உள்ள காபோ டெல்காடோ மாகாணத்தைக் 'கென்னத்' தாக்கியது. ஒரே பருவத்தில் இரண்டு கடும் புயல்கள் அந்த நாட்டைத் தாக்கியதாக அதற்குமுன் பதிவே இல்லை.

உலகம் மொசாம்பிக்கைக் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் அது பொய். முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. அந்தக் கடற்பகுதியில் இருந்த இந்தியக் கடற்படையின் சுஜாதா, சார்தூல், கடலோரக் காவல்படையின் சாரதி ஆகிய கப்பல்கள் பெய்ராவுக்குத் திருப்பி விடப்பட்டன. வெளிநாட்டு உதவிகளில் முதலாவதாகக் கரைசேர்ந்தவை அவைதான். ஹெலிகாப்டர்கள் பறப்பதற்கு முன்பே உள்ளூர் மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு போய், புசியில் சிக்கியவர்களை ஏற்றி வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பேரிடரிலும் முதல் உயிரைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

காலராவைக் கையாண்ட விதம் பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்கது. வெள்ளம் வடியும் முன்பே அது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மார்ச் 27 அன்று முதல் நோயாளிகள் உறுதிசெய்யப்பட்டார்கள். ஏப்ரல் 3 அன்று தடுப்பு மருந்து வழங்கத் தொடங்கிவிட்டார்கள். ஊசி தேவையில்லை, வாய்வழியே விழுங்கும் மருந்து. பள்ளிகளிலும் முகாம்களிலும் வரிசையில் நிற்கவைத்து, சுமார் ஒரு வாரத்துக்குள் 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கொடுத்து முடித்தார்கள். நோய் 6,700 பேருக்கு மேல் தொற்றியது. இறந்தவர்கள் 8 பேர். குடிநீர்க் குழாய் உடைந்து, மருத்துவமனை கூரையிழந்து கிடந்த ஒரு நகரத்தில் இது சாதாரணக் காரியமில்லை. மருந்து ஏற்கெனவே பன்னாட்டுக் கையிருப்பில் இருந்தது, அதற்கான பணம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது, யாரிடமும் கையேந்திக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அது முடிந்தது. பெய்ராவில் பிறகு நடந்த பலவற்றுக்கு இந்த மூன்றுமே வாய்க்கவில்லை.

உணவு வழங்கலிலேயே கோணல் தொடங்கிவிட்டது. நிவாரணப் பொருள் லாரியில் வருகிறது. யாருக்குக் கொடுப்பது என்று லாரிக்குத் தெரியாது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலை எழுதுகிறவர் ஊர்த் தலைவர் அல்லது பகுதிச் செயலாளர், பெரும்பாலும் ஆளுங்கட்சியோடு தொடர்புடையவர். பெயர் இருந்தால் மூட்டை, இல்லாவிட்டால் வேடிக்கை. 2019 ஏப்ரலில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, நமடாண்டா மாவட்டத்தில் இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு உள்ளூர்த் தலைவர்கள் பணம் கேட்டதையும், பணமில்லாத பெண்களை உடலுறவுக்கு வற்புறுத்தியதையும் பதிவுசெய்தது. ஐ.நா. அதிர்ச்சி தெரிவித்தது, விசாரணை என்றது. ஆனால், அந்தக் கொடுமைக்கு இடம்கொடுத்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வீடிழந்து, கணவன் எங்கே என்று தெரியாமல், இரண்டு பிள்ளைகளோடு முகாமுக்கு வந்து சேரும் ஒரு பெண்ணின் உணவு, ஒரே ஒரு மனிதரின் பேனாவை நம்பி இருந்தால் இது நடக்கும். எந்த நாட்டிலும் நடக்கும். பட்டியலை ஊர் நடுவே எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுவது, விடுபட்டவர்கள் முறையிடப் பெண்களே இருக்கும் ஒரு மேசை, உணவு மூட்டைக்குப் பதில் குடும்பத் தலைவியின் கைப்பேசிக்கே பணம். இவை விலையுயர்ந்த ஏற்பாடுகள் இல்லை. கைப்பேசி வழிப் பணம் அனுப்புவது ஆப்பிரிக்காவில் நமக்கு முன்பே பழகிப்போன ஒன்று.

அடுத்து விதை. இடாய் வந்தபோது மக்காச்சோளம் முற்றி, அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தன. ஏறத்தாழ 7 லட்சம் ஹெக்டேர் பயிர் மூழ்கியது. அங்கே சிறு விவசாயி விதையைக் கடையில் வாங்குவதில்லை. இந்த ஆண்டு விளைச்சலில் ஒரு பங்கை எடுத்துவைத்து அடுத்த ஆண்டு போடுவார். ஆகவே, அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது ஒரு விளைச்சலை மட்டுமில்லை, அடுத்த விதைப்பையும் சேர்த்துத்தான். வெள்ளம் வடிந்த ஈர மண்ணில் ஏப்ரல், மே மாதங்களில் குறுவை போல் ஒரு சாகுபடி செய்யலாம். அதற்குள் விதையும் மண்வெட்டியும் கைக்கு வந்தவர்கள் பிழைத்தார்கள். வராதவர்களுக்கு அடுத்த மழை அக்டோபர், நவம்பரில். அறுவடை அதற்கடுத்த மார்ச்சில். நிவாரண உணவு அதுவரை யாருக்கும் ஓடுவதில்லை. விதைக்கான நிதி மூன்று வாரம் தாமதமானால், ஒரு குடும்பம் ஓர் ஆண்டு முழுக்கப் பசித்திருக்க நேரிடும் என்பதைக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உணர்வதில்லை.

வீட்டுக் கதையும் அப்படியே. ஆற்றோரம் இருந்தவர்களை மேட்டுநிலத்தில் புதிதாக அமைத்த குடியேற்றங்களுக்குக் கொண்டுபோனார்கள். புசி மாவட்டத்தில் குவாரா குவாரா அத்தகைய ஓரிடம். கூடாரமும் தார்ப்பாயும் தற்காலிக ஏற்பாடு, பிறகு வீடு என்று சொன்னார்கள். 2020 டிசம்பர் 30 அன்று 'சலானே' வந்தபோதும், 2021 ஜனவரி 23 அன்று பெய்ராவுக்கு அருகிலேயே 'எலோயிஸ்' கரையேறியபோதும், அந்தக் குடும்பங்களில் பலர் அதே தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தார்கள். ஏறக்குறைய 2 ஆண்டுகள். இரண்டாவது முறையும் எல்லாம் பறந்தது. நகரத்துக்குள் இருந்த ஏழைகள் தகரத்தைத் தேடியெடுத்து, வளைவை நிமிர்த்தி, பழைய ஆணித் துளைகளோடேயே மறுபடி வேய்ந்தார்கள். காற்றுக்குத் தூக்காமல் இருக்க மேலே செங்கல்லும் மணல்மூட்டையும் ஏற்றிவைத்தார்கள். புயல் நேரத்தில் அந்தச் செங்கல்லே தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப்பட்டையும், தகரத்தை இறுக்கும் நல்ல ஆணியும் வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

இனி, பணத்துக்கு வருவோம். கென்னத்தையும் சேர்த்து, மீண்டெழ 320 கோடி டாலர் தேவை என்று மதிப்பிட்டார்கள். அப்போது ஆண்டுக்குச் சுமார் 500 டாலர் தலா வருமானம் இருந்த நாடு அது. 2019 மே இறுதியில் பெய்ராவிலேயே கொடையாளர் மாநாடு நடந்தது. 120 கோடி டாலர் தருவதாக வாக்குறுதிகள் வந்தன. வாக்குறுதி வேறு, வரவு வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலக வங்கி 35 கோடி டாலரை மானியமாக அறிவித்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். சர்வதேச நிதியம் ஏப்ரல் மாதத்தில் 11.82 கோடி டாலர் கொடுத்தது. அது கடன். வட்டியில்லாக் கடன், சில ஆண்டு அவகாசம் உண்டு என்பதெல்லாம் சரி. ஆனாலும் திருப்பித் தர வேண்டிய கடன். அந்த நாட்டின் கடன் நிலைமை ஏற்கெனவே மோசம் என்று அறிவித்திருந்தது அதே நிதியம்தான்.

அந்த மோசமான நிலைமை எப்படி வந்தது என்பது இந்தக் கதையின் நடுநாயகமான பகுதி. 2013, 2014 ஆண்டுகளில் மொசாம்பிக்கின் மூன்று அரசு நிறுவனங்கள் கிரெடிட் சுவிஸ் வங்கியிடமும் ரஷ்யாவின் விடிபி வங்கியிடமும் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. சூரை மீன்பிடிப் படகுகள், கடலோரப் பாதுகாப்பு, கப்பல் பழுதுபார்ப்பு என்று காரணம் காட்டப்பட்டது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே அரசு உத்தரவாதம் கொடுத்தது. கடனில் பெரும்பகுதி நாட்டு மக்களுக்கே தெரியாமல் மறைக்கப்பட்டு, 2016இல்தான் வெளியே வந்தது. உடனே சர்வதேச நிதியமும் கொடையாளர் நாடுகளும் அரசின் பட்ஜெட்டுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தின. மூன்றாண்டு கழித்து இடாய் வந்தபோது அரசின் பெட்டகம் ஒட்டிக் கிடந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இதில் நெஞ்சைச் சுடுவது இன்னொன்று. இடாய் வந்த அதே 2019ஆம் ஆண்டில், அந்த மீன்பிடிக் கடனிலிருந்து முளைத்த கடன் பத்திரத்தை வைத்திருந்தவர்களோடு அரசு பேசி முடித்தது. அக்டோபரில் 90 கோடி டாலருக்குப் புதிய பத்திரம் எழுதிக்கொடுத்தது. 2023 வரை 5 சதவீத வட்டி. அதன்பின் 9 சதவீதம். அந்த 9 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 8.1 கோடி டாலர் வட்டி மட்டும். புயலுக்காக நிதியம் தந்த கடனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஓர் ஆண்டு வட்டியாகவே போகும், அசல் அப்படியே நிற்கும். குவாரா குவாராவில் கூரைக்குக் காசில்லாத அரசாங்கம், பத்திரக்காரர்களுக்குத் தவணை தவறாமல் கட்ட ஒப்புக்கொண்டது.

"ஊழல் அரசாங்கத்துக்கு மானியமாக அள்ளிக்கொடுத்தால் அது யார் பைக்குள் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. முன்னாள் நிதியமைச்சர் மானுவல் சாங் நியூயார்க் நீதிமன்றத்தில் 2024இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். மபூட்டோ நீதிமன்றம் 2022 டிசம்பரில் முன்னாள் அதிபரின் மகன் உள்பட 11 பேருக்குத் தண்டனை விதித்தது. கொள்ளை நடந்தது உண்மை. ஆனால், கையெழுத்துப் போட்டவர்களோடு கடனை நீட்டியவர்களும் சேர்ந்துதானே அது நடந்தது? கிரெடிட் சுவிஸ் 2021இல் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சுமார் 47.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அந்தப் பணம் பெருமளவும் போனது வாஷிங்டனுக்கு, லண்டனுக்கு அல்லது முதலீட்டாளர்களுக்கு. புசி ஆற்றங்கரைக்கு இல்லை. 20 கோடி டாலர் மொசாம்பிக் கடனைத் தள்ளுபடி செய்யவும் அந்த வங்கி ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டில் அது மட்டுமே மொசாம்பிக் மக்கள் பக்கம் வந்த ஆறுதல். திருடுவார்கள் என்று பயந்தால் பணத்தைக் குடும்பங்களின் கைக்கே நேராகக் கொடுக்கலாம், நகராட்சியிடம் கொடுத்துத் தணிக்கை செய்யலாம், வழி பல உண்டு. திருடுவார்கள் என்பதற்காக அதைக் கடனாகக் கொடுப்பது எந்த விதத்தில் பரிகாரம்? கடனாகக் கொடுத்ததும் திருடப்படத்தானே செய்தது. திருப்பிக் கட்டுவது மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவர்.

என் வாதம் இதுதான்: ஏழை நாட்டுக்குப் புயல் நிவாரணம் கடனாகப் போகக் கூடாது, போகும் பணம் புயல் வருவதற்கு முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இது கற்பனை இல்லை. கென்னத் தாக்கி எட்டே நாளில், 2019 மே 3 அன்று, ஒடிசாவை 'ஃபானி' தாக்கியது. 12 லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் 64 பேர். 1999இல் அதே ஒடிசாவில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் செத்த புயலை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். புயல் பாதுகாப்பு மையங்கள், தன்னார்வலர்கள், எச்சரிக்கை எல்லாவற்றையும் பாராட்டுகிறோம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சலிப்பூட்டும் ஓர் ஏற்பாட்டை மறந்துவிடுகிறோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பேரிடர் நிதி இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு அதில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு. ஆண்டுதோறும் தவணையாக வந்துசேரும், திருப்பித் தர வேண்டியதில்லை. அது போதாது, கேட்டது கிடைக்கவில்லை என்று தமிழ்நாட்டுக்கும் டெல்லியோடு தீராத வழக்கு உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும், அடுத்த மாவட்டத்துக்கு அரிசி அனுப்ப எந்த மாநில முதல்வரும் வெளிநாட்டு மாநாட்டில் போய் நிற்பதில்லை. மொசாம்பிக்குக்கு மேலே ஒரு டெல்லி கிடையாது. அதுதான் இரண்டு கடற்கரைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

முன்னதாகச் செலவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெய்ராவே காட்டியது. நகரின் ஒரு பகுதி கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்புநிலம். எதிர்க்கட்சியைச் சேர்ந்த மேயர் டாவிஸ் சிமாங்கோ காலத்தில், ஜெர்மனியின் உதவியோடு நகருக்குள் ஓடும் சிவெவே ஆற்றைத் தூர்வாரி மீட்டார்கள். உலக வங்கி நிதியில் வடிகால்களையும் மதகுகளையும் சீரமைத்தார்கள். இடாய் அன்று அந்தப் பகுதிகளில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது. சிமாங்கோ 2021இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற வாய்க்கால்கள் இன்னும் வேலை செய்கின்றன.

புயல்களோ ஓயவில்லை. 2022 மார்ச்சில் நம்புலாவில் 'கோம்பே'. 2023இல் ஆஸ்திரேலியா பக்கம் பிறந்து பெருங்கடலையே குறுக்கே கடந்து வந்த 'ஃபிரெடி', பிப்ரவரியில் ஒரு முறை, மார்ச்சில் குவெலிமானே அருகே மறுமுறை என மொசாம்பிக்கை இரண்டு தடவை தாக்கியது. மிக நீண்ட காலம் நீடித்த வெப்பமண்டலப் புயல் என்று உலக வானிலை அமைப்பு அதைப் பதிவுசெய்தது. 2024 டிசம்பர் 15 அன்று, ஏற்கெனவே உள்நாட்டுப் போரில் கருகிக்கொண்டிருந்த காபோ டெல்காடோவில் 'சீடோ' நுழைந்து சுமார் 120 பேரைக் கொன்றது. அடுத்த மாதமே வாஷிங்டனில் ஆட்சி மாறி, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது. பஞ்சம் வருமா என்று முன்னெச்சரிக்கை செய்துவந்த அமெரிக்க நிதியிலான கண்காணிப்பு அமைப்பின் இணையதளம்கூட அப்போது நின்றுபோனது. ஒருவர் மனம் மாறினால் நின்றுவிடும் உதவியை நம்பி எந்த நாடும் கூரை வேய முடியாது.

பருவநிலைப் பாதிப்புக்கு ஈடுசெய்யும் நிதியம் ஒன்றை 2022இல் எகிப்தில் ஒப்புக்கொண்டு, 2023இல் துபாயில் தொடங்கினார்கள். அங்கே வந்த தொடக்க வாக்குறுதிகள் உலகம் முழுமைக்கும் சுமார் 70 கோடி டாலர். இடாயும் கென்னத்தும் ஒரு நாட்டில் மட்டும் ஏற்படுத்திய தேவை 320 கோடி. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதினாலே போதும். கரியமில வாயுவை வெளியேற்றியதில் மொசாம்பிக்கின் பங்கு சொல்லத்தக்கதே இல்லை. மழையின் அளவைக் கூட்டிய வெப்பத்தை உண்டாக்கியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

ஆனால், எல்லாவற்றுக்கும் பணக்கார நாடுகளைக் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. நம் சாம்பாரில் வேகும் துவரம்பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக்கில் விளைகிறது. 2016இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1 லட்சம் டன்னில் தொடங்கி 2 லட்சம் டன் வரை அங்கிருந்து வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அந்தத் துவரை விளைவது பெரும்பாலும் ஜாம்பேசியா, நம்புலா மாகாணங்களில்: ஃபிரெடியும் கோம்பேயும் மிதித்துப்போன நிலங்கள். 2017இல் இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது, ஒப்பந்தம் இருந்தும் அங்கே துவரை விலை சரிந்து சிறு விவசாயிகள் நொடித்தார்கள். ரோவுமா கடற்படுகையின் எரிவாயு வயலில் நம் பொதுத்துறை நிறுவனங்கள் மூன்று சேர்ந்து 30 சதவீதப் பங்கு வைத்திருக்கின்றன. சீடோ நுழைந்த அதே காபோ டெல்காடோவில். இந்திய எக்ஸிம் வங்கி மொசாம்பிக்குக்குக் கிராம மின்மயம், ஆழ்துளைக் கிணறு, ரயில் பெட்டி என்று கடன் கொடுத்திருக்கிறது. அங்கே நாம் கப்பல் அனுப்பும் விருந்தாளி மட்டுமில்லை. வாங்குகிறவர், பங்குதாரர், கடன் கொடுத்தவர்.

கடன் கொடுத்தவராகவும் வாங்குகிறவராகவும் நாம் செய்யக்கூடியது உண்டு. கரீபியக் கடலில் கிரெனடா என்ற சின்னஞ்சிறு தீவு, தன் கடன் பத்திரத்தில் புயல் வந்தால் தவணை நிற்கும் என்று முன்பே ஒரு விதி எழுதிவைத்திருந்தது. 2024 ஜூலையில் 'பெரில்' தாக்கியதும் அந்த விதியைப் பயன்படுத்தித் தவணையைத் தள்ளிவைத்தது. உலக வங்கியும் இப்படியொரு விதியைச் சிறிய நாடுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. எக்ஸிம் வங்கியின் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அதே விதியை இந்தியா தானாக முன்வந்து சேர்க்கலாம். தவணை நிற்கும் ஆண்டுகளுக்கு வட்டி ஓடாது என்றும் எழுதலாம். துவரை ஒப்பந்தத்தில், புயல் அடித்த ஆண்டில் குறைந்தபட்சக் கொள்முதல் விலையை விதைப்புக்கு முன்பே அறிவிக்கலாம். விவசாயிக்கு அது உணவு மூட்டையைவிடப் பெரிய நிவாரணம். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் டெல்லியில் நிதியமைச்சகமும் வெளியுறவு அமைச்சகமும் உட்கார்ந்து பேசி, இந்த இரண்டு விதிகளையும் எழுதி முடிக்க முடியும்.